பதினேழைக் கூப்பிட வேண்டாம்

தேர்தல் நாளன்று கெட்டில் ரன் என்ற சிற்றூரின் தீயணைப்பு நிலையத்தில் முதல் வேலை, வண்டிகளை வெளியே எடுத்து நிறுத்துவது. ஊராட்சியில் வேறு பெரிய கூடம் கிடையாது. தண்ணீர் லாரியும் தீயணைப்பு வண்டியும் நாள் முழுக்க மழையில் நிற்கும். அவை நின்ற இடத்துக்கு மடக்கு மேசைகளும், வாக்களிக்கிறவரை மறைக்கும் அட்டைத் தட்டிகளும் வரும். ஆம்புலன்ஸ் மட்டும் உள்ளேயே இருக்கும். குளிர்ந்தால் அதிலுள்ள மருந்துகள் கெட்டுவிடும்.

அந்த நவம்பரில் வாக்குச்சீட்டின் கடைசிக் கேள்வி அதே நிலையத்தைப் பற்றியது. தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்குமாக ஐந்து ஆண்டுகளுக்குக் கூடுதலாக ஒரு வரி போடலாமா? ஆம், இல்லை.

லவோன் ஸ்ட்ரைகர் காலை பத்தே முக்காலுக்கு வரிசையில் நின்றாள். வயது அறுபத்து மூன்று. சம்பளமில்லாமல் ஆம்புலன்சில் இருபத்தாறு ஆண்டுகள். அன்று விடியும் முன் ஓர் அழைப்பு வந்து, நாற்பத்தோரு மைல் தள்ளியிருக்கும் மருத்துவமனைக்குப் போய், திரும்பி, வண்டியின் படுக்கையைத் துடைத்துப் புது விரிப்புப் போட்டுவிட்டு நேராக வரிசைக்கு வந்திருந்தாள். சட்டைக்கு மேல் போட்டிருந்த ஜாக்கெட்டின் முதுகில் 'ஆம் போடுங்கள்' என்று அச்சிட்டிருந்ததால் அதை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டிருந்தாள். வாக்குச்சாவடியிலிருந்து நூறு அடிக்குள் பிரசாரம் கூடாது. நூறு அடியை அளந்து இரண்டு சின்னக் கொடிகளை நட்டவளும் அவள்தான்.

மேசையில் எனிட் உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"அடையாள அட்டை."

"எனிட், போன மாசம் உன் புருஷனை மாடியிலேர்ந்து நான்தான் இறக்கினேன்."

"தெரியும். அட்டை."

லவோன் அட்டையைக் காட்டினாள். எனிட் அதை வெளிச்சத்தில் பிடித்து, புகைப்படத்தைப் பார்த்து, சீட்டைக் கொடுத்தாள். லவோன் தட்டிக்குப் பின்னால் போனாள். இடது கைப்பக்கம் ஆம்புலன்ஸ் நின்றது. மின்கலம் ஏறிக்கொண்டிருப்பதற்கான பச்சை விளக்கு எரிந்தது. அவள் மற்றக் கேள்விகளை முடித்துவிட்டுக் கடைசிக் கேள்விக்கு வந்தாள். 'இல்லை' என்பதற்கு எதிரே இருந்த வட்டத்தை விளிம்பு தாண்டாமல் நிரப்பினாள். சீட்டை இயந்திரத்தில் செலுத்தினாள். எனிட் கொடுத்த 'நான் வாக்களித்தேன்' ஒட்டுச்சீட்டை வாங்கிச் சட்டையில் ஒட்டிக்கொண்டு தரையைக் கூட்டப் போனாள்.

அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

முப்பத்தேழு வயதில் அவள் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டுநர்கள் முதலுதவி வகுப்புக்குப் போக வேண்டும் என்று விதி வந்தது. வகுப்பு எடுத்தவர் அவள் கட்டுப்போட்டதைப் பார்த்து, "உனக்குக் கை நல்ல கை" என்றார். அதற்கு முன் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. ஆம்புலன்சில் சேர்ந்தாள். எண் பதினேழு கொடுத்தார்கள். கணவன் க்ளென் இறந்தது, மகள் மார்லா கொலம்பஸ் நகரத்துக்குப் போய் மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்தது, பேருந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றது என எல்லாமே இடுப்பில், அழைப்பு வந்தால் அடிக்கும் பேஜர் இருக்கும்போதுதான் நடந்தன. மார்லாவின் பட்டமளிப்பு விழாவில்கூட அது இருந்தது. அலைவரிசைக்கு எட்டாத இடம் என்று தெரிந்தும் போட்டுக்கொண்டு போனாள்.

அப்படியென்றால் விலகியிருக்கலாமே என்று வெளியூர்க்காரர்தான் கேட்பார். சான்று பெற்ற இரண்டு பேர் இல்லாமல் வண்டி கிளம்பக் கூடாது. பட்டியலில் ஆறு பேர். ஒருவர் குளிர்காலத்தில் ஃப்ளோரிடா போய்விடுவார், ஒருத்தி நிறைமாதம், ஒருவருக்கு முதுகு போய்விட்டது. கெட்டில் ரன்னில் ஏறக்குறைய எல்லா வீட்டு அடுக்களையிலும் ஆம்புலன்ஸ் அழைப்புகளைக் கேட்கும் ஒரு ஸ்கேனர் ரேடியோ இருக்கும். அழைப்பு வந்து, 'ஆள் இல்லை' என்று பதில் போனால் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே நானூறு வீடுகள் கேட்கும். யார் வரவில்லை என்பதும் அந்த நானூறு வீடுகளுக்கும் தெரியும்.

ஆகவே அவளால் நிறுத்த முடியாது. ஊர் நிறுத்தினால் உண்டு. அக்டோபரில் அதற்கு ஒரு வழி கிடைத்தது. தீயணைப்புத் தலைவர் டெல்பர்ட் ஹைன்ஸ் எழுதிக் கொடுத்த பிரசார நோட்டீஸ்கள் எண்ணூறை அவள் தன் அடுக்களை மேசையில் மூன்றாக மடித்தாள். ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் இருந்தது: இந்த வரி தோற்றால் டிசம்பர் 31 அன்று நிலையத்தின் கதவு பூட்டப்படும். முதல் நூறை மடிக்கும்போது வருத்தமாக இருந்தது. நானூறைத் தாண்டும்போது டிசம்பர் முப்பத்தொன்று என்ன கிழமை என்று நாட்காட்டியைப் பார்த்தாள்.

மறுநாள் காலை அவள் நிலையத்துக்குப் போனபோது டெல்பர்ட் தண்ணீர் லாரியைப் பின்பக்கமாக உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தார். வயது எழுபது. சுண்ணாம்புக் கல் குவாரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வலது தோளை உயர்த்த முடியாது. கீழே இறங்கி, கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். ஆம் 412. இல்லை 431.

"சரி, அப்ப பூட்டிடறோம்" என்றாள் லவோன். குரல் சாதாரணமாக வந்தது.

"எதை?"

"நிலையத்தை. முப்பத்தொண்ணாம் தேதி."

"அடப் போ லவோன், அது நோட்டீஸ்ல போட்டது. பயமுறுத்தினாத்தான் ஓட்டு விழும்னு போட்டேன். பூட்டிட்டு எங்கே போறது?"

"எண்ணூறு நோட்டீஸ் மடிச்சேன் டெல்பர்ட்."

"நல்லாத்தான் மடிச்சே. குறை சொல்லலையே."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். டெல்பர்ட் காபி ஊற்றிக் கொண்டுவந்தார். பூட்டப் போவதில்லை, ஆனால் பகல் நேரத்துக்குச் சம்பளத்தில் வைத்திருந்த இரண்டு பேரை அனுப்பிவிட வேண்டும் என்றார். அவர்களுக்காகத்தான் அந்த வரியே.

"அப்புறம் பகலுக்கு யாரு?"

டெல்பர்ட் காபியைக் கலக்கினார். அதில் சர்க்கரையும் இல்லை, பாலும் இல்லை.

"நீ பஸ் ஓட்டுறதையும் விட்டுட்டே" என்றார். "நானும் வீட்ல சும்மாதான் இருக்கேன்."

ஊர் அந்த நோட்டீசை நம்பவில்லை. நம்பிய ஒரே ஆள் அதை மடித்தவள்.

ஜனவரி முதல் தேதியிலிருந்து திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை லவோனும் டெல்பர்ட்டும். இரவில் அழைப்பு வந்தால் அதற்கும் பெரும்பாலும் அவர்கள்தான். அவள் மனத்துக்குள் ஒரு கணக்கு ஓடியது. வித்தியாசம் பத்தொன்பது. அவள் மாற்றிப் போட்டிருந்தால் பதினேழு. அப்போதும் தோற்றிருக்கும். கணக்கில் தவறு இல்லை. வண்டி ஓட்டும்போதும், பாத்திரம் கழுவும்போதும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். விடை மாறவில்லை. உதவவும் இல்லை.

ஆம்புலன்ஸ் இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் மைல் ஓடியிருந்தது. ஹீட்டருக்கு இரண்டே நிலை: ஒன்றுமில்லை, அல்லது அடுப்பு. பின்கதவை மூடும்போது இடுப்பால் ஒரு இடி கொடுக்க வேண்டும். எந்த இடத்தில் என்பது லவோனுக்குத் தெரியும். ஜனவரியில் முப்பத்தொரு அழைப்புகள். எதுவும் செய்தித்தாளில் வரும்படியானது இல்லை. சர்க்கரை இறங்கியவர்கள், மூச்சு வாங்கியவர்கள், பனியில் வழுக்கியவர்கள். ஒரு கிழவி, உடம்புக்கு ஒன்றுமில்லை, யாராவது வந்து உலையில் விறகு போட வேண்டும் என்று கூப்பிட்டாள். போட்டார்கள்.

மார்லா ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கூப்பிடுவாள். அவள்தான் நன்றி நாள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் நிலையத்துக்குப் போய், இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவியைத் திறந்து சோதித்து வைப்பவள்.

"அம்மா, விட்டுடுங்க. போதும்."

"விடறேன், விடறேன். இந்தக் குளிர் போகட்டும்."

"போன வருஷமும் குளிர்னுதான் சொன்னீங்க."

"போன வருஷமும் குளிர்தானே அடிச்சுது."

பிப்ரவரியில் ஒரு வியாழன் மதியம் வெண்டல் யோஸ்ட் வீட்டிலிருந்து அழைப்பு. எண்பத்தொரு வயது, பெருத்த உடம்பு. குளியல் தொட்டிக்கும் கழிப்பறைக்கும் நடுவே விழுந்து சிக்கிக்கொண்டார். இலையுதிர்காலம் முழுக்க அவர் முற்றத்தில் 'வரிக்கு இல்லை' என்று ஒரு பலகை நின்றது. இப்போது அது கோழிக்கூட்டின் உடைந்த சன்னலை அடைத்துக்கொண்டிருந்தது. மருமகள் தாஷா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லவோன் குளியலறைத் தரையில் மண்டியிட்டாள். முழங்கால் சத்தம் போட்டது.

"வந்துட்டியா" என்றார் யோஸ்ட் தொட்டியின் ஓரத்திலிருந்து. "வரமாட்டேன்னு நினைச்சேன்."

"ஏன் வரமாட்டேன்?"

"நான் இல்லைன்னு போட்டேன்."

"தெரியும். வழியில கோழிங்ககூட அதைத்தான் படிச்சிட்டிருந்துதுங்க. இடுப்பு வலிக்குதா?"

"மானம்தான் வலிக்குது. திட்டிடு லவோன். திட்டிட்டுத் தூக்கு. மனசு லேசாயிடும்."

"உங்க மனசு லேசாகி எனக்கு என்ன ஆகப் போகுது, உடம்பு லேசாகணும். கையை என் தோள்ல போடுங்க. மூணு சொன்னதும் எழுந்திரிங்க. ஒண்ணு."

"நோட்டீஸ்ல பூட்டிடுவோம்னு போட்டீங்க பாரு, அதுலதான் எனக்குக் கோவம். என்னை மிரட்டினா நான் இல்லைன்னுதான் போடுவேன்."

"ரெண்டு."

"பூட்டினீங்களா? இல்லையே. அப்பவே சொன்னேன், லவோன் இருக்கிற வரைக்கும் பூட்டமாட்டாங்கன்னு. எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க."

லவோன் மூன்று சொல்லவில்லை. ஒரு நிமிடம் அவர் தலைக்கு மேலிருந்த சோப்புத் தட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

"மூணு சொல்லு" என்றார் டெல்பர்ட் மறுபக்கத்திலிருந்து. "என் தோள் கழண்டுடும் போலிருக்கு."

"மூணு."

எழவில்லை. இரண்டாம் முறையும் எழவில்லை. யாரும் சொல்லாமலே தாஷா உள்ளே நுழைந்து, மாமனாரின் பின்னந்தலையை ஒரு கையாலும் முதுகை மறு கையாலும் தாங்கி, சிக்கியிருந்த காலை முழங்காலால் விடுவித்தாள். மூன்றாம் முறை எழுந்தார். லவோன் தாஷாவின் கைகளைப் பார்த்தாள். திரும்பும்போது வண்டியில் டெல்பர்ட் யோஸ்ட்டைத் திட்டிக்கொண்டே வந்தார். அவள் சேர்ந்துகொள்ளவில்லை.

மார்ச்சில் பழைய தலைவர் ஹோமர் கிம்பல் இறந்தார். தொண்ணூறு வயது, எண் நான்கு. தீயணைப்புக்காரரை அடக்கம் செய்யும்போது ஒரு வழக்கம் உண்டு. கல்லறைக்குப் பக்கத்தில் ஆம்புலன்சை நிறுத்தி ரேடியோவை உரக்க வைப்பார்கள். கட்டுப்பாட்டு அறைப் பெண் அவருடைய எண்ணைக் கூப்பிடுவாள். கெட்டில் ரன் நான்கு. பதில் வராது. மறுபடி. பதில் வராது. மூன்றாம் முறையும் கூப்பிட்டுவிட்டு, 'நான்காம் எண் பணி முடித்தார்' என்பாள். முதல் முறைக்கே பாதிப் பேர் அழுதுவிடுவார்கள். கிம்பலுக்கும் அழுதார்கள். பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், மசித்த உருளைக்கிழங்கின் மேல் கோழி நூடுல்ஸ் ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

திரும்பும்போது டெல்பர்ட் ஓட்டினார்.

"எனக்கு அதைச் செய்யாதீங்க" என்றாள் லவோன்.

"எதை?"

"செத்தப்புறம் கூப்பிடறதை. இருபத்தாறு வருஷம் கூப்பிட்டாச்சு. பெட்டிக்குள்ள வச்சும் மூணு தடவை கூப்பிடணுமா?"

"எழுந்து வந்துடுவேன்னு பயமா?"

"மூணாவது தடவை கட்டாயம் எழுந்துடுவேன். பழக்கதோஷம்."

டெல்பர்ட் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பாலத்தைக் கடந்ததும், சிரிப்பு ஓயும் முன்பே, மனத்தில் வைத்திருந்ததைச் சொன்னார்.

"மே மாசம் மறுபடி வரியைக் கேக்கறோம். இந்தத் தடவை நோட்டீஸ்ல உன் படத்தைப் போடலாம்னு இருக்கேன். பெரிசா. 'லவோனுக்காக ஆம்'னு கீழே."

"வேணாம்."

"நல்லாத்தான் இருப்பே படத்துல. தலையை மட்டும் சீவிட்டு வா."

"டெல்பர்ட், நான் இல்லைன்னு போட்டேன்."

"எதுக்கு?"

"நவம்பர்ல. வரிக்கு."

அவர் வண்டியை ஓரம் கட்டவில்லை. வேகத்தையும் குறைக்கவில்லை. கை நீட்டி ஹீட்டரை மட்டும் அணைத்தார். சாலையோரத்தில் பெக் வீட்டு அஞ்சல் பெட்டி கடந்து போயிற்று, அடுத்த வீட்டுப் பெட்டியும் போயிற்று.

"நீ நட்ட கொடியைத் தாண்டிப் போய்" என்றார்.

"ஆமா."

"நான் குடுத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு."

"திருப்பித்தான் போட்டிருந்தேன்."

"ஏன் லவோன்?"

"பூட்டுவீங்கன்னு எழுதியிருந்தீங்க. பூட்டினாத் தூங்கலாம்னு நினைச்சேன்."

"களைச்சுப் போச்சுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"இன்னொரு ஆள் கிடைக்கிற வரைக்கும் இருன்னு சொல்லியிருப்பேன்."

"எத்தனை நாள் சொல்லியிருப்பீங்க?"

நிலையம் கண்ணுக்குத் தெரிந்ததும் டெல்பர்ட் வேகத்தைக் குறைத்தார்.

"இன்னிக்கும் அதைத்தான் சொல்லிட்டிருப்பேன்" என்றார்.

பேஜர்கள் அடித்தன. இரண்டு கைகள் ஒரே நேரத்தில் இரண்டு இடுப்புக்குப் போயின. நெஞ்சு வலி, மேட்டுச் சாலை. அவர் ஹீட்டரைப் போட்டார், வண்டியைத் திருப்பினார். அவள் கையுறையை மாட்டினாள். மூன்றரை மணி நேரம் கழித்து வண்டியைக் கழுவி உள்ளே விட்ட பிறகு டெல்பர்ட் விளக்கை அணைக்கப் போனார். சுவிட்சில் கை வைத்தபடி, அவளைப் பார்க்காமல், "அப்ப நோட்டீசை நீயே எழுது" என்றார்.

அவள் எழுதினாள். படம் இல்லை. கொட்டை எழுத்தும் இல்லை.

'இந்த வரி தோற்றால் கதவைப் பூட்ட மாட்டோம். போன முறை அப்படி எழுதியது பொய். கூப்பிட்டால் வருவோம். வருவது டெல்பர்ட்டும் நானும். அவருக்கு எழுபது, எனக்கு அறுபத்து மூன்று. இருநூற்றைம்பது பவுண்டுக்கு மேல் எங்களால் தூக்க முடியவில்லை. போன முறை நானே இல்லை என்று போட்டேன். களைப்பாக இருந்தது. இப்போதும் களைப்பாகத்தான் இருக்கிறது. வரி கொடுங்கள். முடியாவிட்டால் ஆள் கொடுங்கள். ஆம்புலன்ஸ் பயிற்சி வகுப்பு ஜூன் முதல் செவ்வாயும் வியாழனும், நிலையத்தில். காபி உண்டு. லவோன் ஸ்ட்ரைகர்.'

மறுபடி எண்ணூறை மடிக்க உட்கார்ந்தாள். இந்த முறை டெல்பர்ட்டும் வந்து உட்கார்ந்து மடித்தார். கோணலாக மடித்தார்.

நோட்டீஸ் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த வாரம் தேவாலயத்தில் இரண்டு பேர் அவளுக்கு அருகில் உட்காராமல் தள்ளி உட்கார்ந்தார்கள். வாசலில் யாரோ ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்புப் பண்டம் ஒன்றைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பெயர் இல்லை. எனிட் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"நீயா லவோன்? என் மேசையிலேர்ந்து சீட்டை வாங்கிட்டுப் போயா?"

"நான்தான்."

எனிட் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "அன்னிக்கு உன் அட்டையைப் பாக்கறதுக்கு உன் மூஞ்சியைப் பாத்திருக்கணும்" என்றாள்.

மே மாதம் வண்டிகளை மறுபடி வெளியே நிறுத்தினார்கள். அன்று மழை இல்லை. லவோன் 'ஆம்' போட்டாள். முடிவு: ஆம் 398, இல்லை 404.

தாளைப் படித்துவிட்டு டெல்பர்ட் லாரியை உள்ளே ஏற்றினார். லவோன் பின்னால் நின்று கை காட்டினாள். வா, வா, நில். ஆறரை மணிக்கு ஓர் அழைப்பு வந்தது, போனார்கள்.

யோஸ்ட் அஞ்சலகத்தில் அவளைப் பிடித்துக்கொண்டார். இப்போது கைத்தடியோடு நடந்தார்.

"இந்தத் தடவையும் இல்லைதான் போட்டேன்" என்றார். "அதை உன்கிட்ட மறைக்கலை. வரின்னா எனக்கு ஆகாது."

"சரி பெரியவரே."

"ஆனா ஆள் கொடுன்னு எழுதியிருந்தே இல்ல? தாஷாவை அனுப்பறேன். அவளே கிளம்பிட்டா, நான் அனுப்பறேன்னு சொல்லிக்கறேன்."

ஜூன் முதல் செவ்வாய் மூன்று பேர் வந்தார்கள். தாஷா யோஸ்ட், ரொட்டி வண்டி ஓட்டும் லைல் பெக், வாழ்நாளில் நூறு கன்றுகளைக் கையால் பிடித்து வெளியே இழுத்த ஒரு பண்ணைக்காரர். மனிதப் பிரசவத்தைப் படமாகக் காட்டிய அன்று பண்ணைக்காரர் முகம் வெளுத்து எழுந்து போனார், திரும்பி வரவில்லை. மற்ற இருவரும் வகுப்பின் நூற்றைம்பது மணி நேரமும் உட்கார்ந்தார்கள். அதுவரை பகல் வண்டி லவோனுக்கும் டெல்பர்ட்டுக்கும்தான். கோடைக்காலம் போயிற்று. ஒரு நாள் நோயாளியின் வீட்டு நாற்காலியில், அவர் மாத்திரைகளைத் தேடிக்கொண்டிருந்த இரண்டு நிமிடத்தில், லவோன் தூங்கிவிட்டாள். அவர் எழுப்பவில்லை. டெல்பர்ட்தான் எழுப்பினார்.

நவம்பர் கடைசியில், நன்றி நாளுக்கு வந்த மார்லா வழக்கம்போலக் கருவியைச் சோதித்தாள். பக்கத்தில் நின்று தாஷா ஒவ்வொன்றாகக் கேட்டாள். டிசம்பரில் தாஷாவும் லைலும் அரசுத் தேர்வில் தேறினார்கள். எண்கள் இருபத்திரண்டு, இருபத்துமூன்று. தாஷாவின் வேலை இரவில், லைலுக்கு விடிகாலையோடு ரொட்டி முடிந்துவிடும். பகலுக்கு அது போதும்.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி லவோன் பேஜரை இடுப்பிலிருந்து கழற்றி டெல்பர்ட்டின் மேசையில் வைத்தாள். பெல்ட்டில் கொக்கி இருந்த இடம் பளபளவென்று தேய்ந்திருந்தது.

"நான் நிறுத்திக்கறேன்" என்றாள்.

டெல்பர்ட் அதை எடுத்துச் சார்ஜரில் செருகினார். "சரி" என்றார். பிறகு, "பின்கதவுல எங்க இடிக்கணும்?"

அவள் போய்க் காட்டினாள்.

முதல் வாரம் தூக்கம் வரவில்லை. மூன்றாம் வாரம் ஒரு நாள் மார்லாவை வேலை நேரத்தில் கூப்பிட்டாள்.

"எட்டு மணி வரைக்கும் தூங்கினேன்."

"உடம்பு சரியில்லையா அம்மா?"

"இல்ல. தூங்கினேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

மொத்தம் ஒன்பது வாரம் அப்படித் தூங்கினாள்.

மார்ச் ஏழாம் தேதி, காலை பத்து நாற்பது. அவளே கூப்பிட்டாள். கட்டுப்பாட்டு அறைப் பெண்ணுக்கு முகவரி தெரியும். இருந்தும் லவோன் முழுதாகச் சொன்னாள். "நெஞ்சு. இடது கையும். கதவு திறந்திருக்கு. படியில பனி உறைஞ்சிருக்கு, பாத்து வரச் சொல்லு." ஒலிப்பதிவில் கடைசியாக இருப்பது இதுதான்.

தாஷாவும் லைலும் பதினோரு நிமிடத்தில் வந்தார்கள். படியில் பார்த்துத்தான் ஏறினார்கள். கருவி மூன்று முறை அதிர்ச்சி கொடுத்தது. மூன்று முறையும் சரியான அளவில், சரியான நேரத்தில். அதன் பதிவுத்தாளை மார்லா பிறகு வாங்கிப் பார்த்தாள். கோடு கோடாகப் பார்த்தாள். மறுநாள் மறுபடி பார்த்தாள். கருவியில் குறை இல்லை. தாஷாவின் கையிலும் குறை இல்லை.

அடக்கத்தன்று கல்லறைக்குப் பக்கத்தில் ஆம்புலன்ஸ் நின்றது. எல்லாரும் வழக்கப்படி தலை குனிந்து ரேடியோவுக்காகக் காத்திருந்தார்கள். முந்தின நாளே டெல்பர்ட் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சொல்லியிருந்தார், பதினேழைக் கூப்பிட வேண்டாம் என்று. அந்தப் பெண் சொல்ல வேண்டியதை ஏற்கெனவே ஓர் அட்டையில் எழுதி வைத்திருந்தாளாம். அதை மடித்து அவரிடம் கொடுத்துவிட்டாள். ரேடியோவில் இரைச்சல் மட்டும் வந்தது. சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். எனிட் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மார்லா மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கீழ்த்தளத்தில் நூடுல்ஸ் பரிமாறிக்கொண்டிருக்கும்போது பேஜர் அடித்தது. மேட்டுச் சாலை, மூச்சுத் திணறல். மார்லாவின் கண்கள் பழக்கத்தில் அம்மா உட்காரும் பக்கம் போயின. ஒவ்வொரு முறையும் அம்மாதான் முதலில் எழுந்திருப்பாள்.

தாஷா எழுந்தாள். லைல் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு எழுந்தான். இரண்டு நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. மேலே கதவு திறந்து மூடியது. பிறகு ஆம்புலன்சின் பின்கதவு. முதல் முறை மூடவில்லை. ஓர் இடி. மூடியது.

எனிட் அவர்களுடைய தட்டுகள் இரண்டையும் அலுமினியத்தாள் போட்டு மூடி, சூடாக இருக்கட்டும் என்று அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.